நேட்டால் தமிழரின் கொடிவழி ஆய்வில் திருமணப் பதிவுகளும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடும்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கப்பல் பட்டியல், திருமணப் பதிவு ஆகிய மூவகை ஆவணங்களை நாடுகின்றனர். இவை ஒவ்வொன்றும் எதனைத் தரும், எதனைத் தராது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கணக்கெடுப்பு தனிமனிதரை அடையாளம் காட்டுவதில்லை; கப்பல் பட்டியல் தனிமனிதரைக் காட்டினாலும் குடும்பத்தை முழுமையாகக் காட்டுவதில்லை; இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தலைமுறைகளை இணைக்கும் கண்ணியாகத் திருமணப் பதிவு அமைகிறது. ஆயினும், எது திருமணம் என்பதைக் குடியேற்ற நாட்டின் சட்டம் வரையறுத்தமையால், பதிவின்மை திருமணமின்மைக்குச் சான்றாகாது என்பதே இக்கட்டுரை நிறுவும் கருத்து. அப்பதிவுகளைப் படிப்பதற்குத் தமிழ் ஒலியியல், பெயராய்வு ஆகியவற்றின் துணை எவ்வாறு தேவைப்படுகிறது என்பதும் எடுத்துக்காட்டுகளுடன் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொடிவழி, நேட்டால் தமிழர், ஒப்பந்தக் கூலிமுறை, கப்பல் பட்டியல், திருமணப் பதிவு, பெயராய்வு.

1. முன்னுரை

சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதனைத் தொடர்ந்து 1911 வரை 1,52,184 இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். எஞ்சியோர் கல்கத்தா வழியாகச் சென்றவர்கள். சென்னை வழியாகச் சென்றோருள் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் இருப்புப்பாதைப் பணியிலும் உழைத்த இம்மக்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் இன்று தம் முன்னோரின் ஊரையும் பெயரையும் அறிய முனைகின்றனர்.

இம்முயற்சியை வெறும் ஆர்வமாக மட்டும் கருத இயலாது. கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிப்போர் தம் முன்னோரின் இந்தியத் தொடர்பை ஆவணத்தால் நிறுவ வேண்டியுள்ளது. சொத்துரிமை, உறவுமுறை பற்றிய வினாக்களும் எழுகின்றன. இவற்றினும் நுட்பமான மற்றொரு சிக்கலும் உண்டு. பாட்டியின் திருமணப் பதிவைத் தேடிக் கிடைக்காத பேரன் பேத்தியர், அவர் முறைப்படி மணமாகாதவர் என்று முடிவுசெய்து அச்செய்தியைக் குடும்பத்தின் குறையாகக் கருதி மறைக்கின்றனர். ஆவணத்தின் தன்மையை அறியாமல் செய்யப்படும் முடிவு ஒரு பெண்ணின் வாழ்வைப் பிழையாக எழுதிவிடுகிறது. ஆதலின், ஆவணங்கள் எவ்வாறு உருவாயின என்பதை அறிவது கொடிவழி ஆய்வின் முதற்படியாகிறது.

2. கணக்கெடுப்பில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை

ஐரோப்பிய முன்னோர் ஆய்வில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்மை ஆவணமாக விளங்குகிறது. இங்கிலாந்தில் 1841 முதல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில் வீடுதோறும் வாழ்ந்தோரின் பெயர்கள் பதியப்பட்டன. நூறாண்டுகள் கழிந்தபின் அப்பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன; 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022இல் திறக்கப்பட்டது. இம்முறையைக் கண்ட தென்னாப்பிரிக்கத் தமிழர் பலர், சென்னை மாகாணக் கணக்கெடுப்பிலும் தம் முன்னோரின் வீட்டைக் காணலாம் என எதிர்பார்க்கின்றனர். அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறுவதில்லை.

சென்னை மாகாணத்தில் 1871இலும், இந்தியா முழுவதும் ஒரே நாளில் என்னும் முறையில் 1881 பிப்ரவரி 17இலும் கணக்கெடுப்பு நிகழ்ந்தது. வீடுதோறும் நிரப்பப்பட்ட படிவங்கள் தொகைகளைக் கணக்கிடுவதற்கான மூலப்பொருளாக மட்டுமே கருதப்பட்டன. அட்டவணைகள் உருவானபின் படிவங்கள் அழிக்கப்பட்டன; அச்சிட்ட அறிக்கைகளே எஞ்சின. படிவங்கள் எஞ்சியிருந்தாலும் பெண்களைத் தேடுவோர்க்கு அவை முழுப்பயன் தந்திரா. தம் வீட்டுப் பெண்டிரின் பெயரைக் கூற மறுப்போரை வற்புறுத்தாமல் ‘பெண்’ என்று மட்டும் குறிக்கும்படி கணக்கெடுப்போர்க்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனியாள் பதிவுகளைப் பார்வையிடும் உரிமையை எவர்க்கும் வழங்கவில்லை. இந்தியக் கணக்கெடுப்பு மக்களை எண்ணுவதற்காக எழுந்தது. அவர்தம் பெயரைக் காப்பது அதன் நோக்கமன்று.

நேட்டாலின் நிலையும் இதனை ஒத்ததே. 1904ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, அங்கு வாழ்ந்த இந்தியர் தொகை ஓரிலட்சத்தைக் கடந்துவிட்டதையும், அது வெள்ளையர் தொகையை விஞ்சியதையும் காட்டியது. அரசியல் வரலாற்றில் இவ்வெண்ணிக்கைக்குப் பெரும் இடம் உண்டு. தனிக் குடும்பத்தைத் தேடுவோர்க்கு அதில் ஒரு பெயரும் கிடைப்பதில்லை.

ஆயினும் கணக்கெடுப்பு அறிக்கைகளை முற்றிலும் ஒதுக்குதல் கூடாது. அவை முன்னோர் யாவர் என்பதைக் கூறாவிடினும், அவர் ஏன் புறப்பட்டார் என்பதை விளக்க உதவுகின்றன. 1876–78ஆம் ஆண்டுகளின் தாதுவருடப் பஞ்சத்திற்குப் பின் எடுக்கப்பட்ட 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.12 கோடியிலிருந்து 3.08 கோடியாகக் குறைந்திருந்தது. சேலம் மாவட்டத்தில் மட்டும் அது ஏறத்தாழ 19.6 இலட்சத்திலிருந்து 16 இலட்சமாக வீழ்ந்தது. 1866இல் நின்றுபோன நேட்டால் குடியேற்றம் 1874இல் மீண்டும் தொடங்கியிருந்தது. சேலத்திலிருந்து 1870களின் பிற்பகுதியில் சென்ற ஒருவரின் புறப்பாட்டைப் புரிந்துகொள்ள இவ்வெண்கள் பின்புலம் அமைக்கின்றன. வட்டந்தோறும் மொழி, சமயம், தொழில் ஆகியவற்றின் பரவலைக் காட்டும் அட்டவணைகளும், ஐயத்திற்குரிய ஊர்ப்பெயரைச் சரிபார்க்கும் அளவிற்குப் பயன்படுகின்றன.

3. கப்பல் பட்டியலும் குடியேற்ற எண்ணும்

கணக்கெடுப்பு தராத தனியாள் விவரத்தைக் கப்பல் பட்டியல் தருகிறது. நேட்டாலுக்குச் சென்ற ஒவ்வொருவர்க்கும் வரிசையாக ஒரு குடியேற்ற எண் வழங்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடலடையாளம் ஆகியவை அந்த எண்ணுக்கு எதிரே எழுதப்பட்டன. காலத்திற்கேற்பப் பட்டியலின் விரிவு வேறுபடினும், இவ்வமைப்பே பொதுவானது. எண்கள் வந்திறங்கிய வரிசையில் தொடர்வதால், எண்ணை அறிந்தால் கப்பலையும் வருகை நாளையும் அறியலாம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லூதூலி ஆவண மையம் இப்பட்டியல்களைக் கணினித் தரவாக்கியமை ஆய்வை எளிதாக்கியுள்ளது.

இப்பட்டியலின் எல்லைகள் மூன்று. முதலாவது, இது ஒருவரின் வாழ்வில் ஒரு நாளை மட்டும் பதிகிறது. அதன்பின் அவர் எங்குச் சென்றார், யாரை மணந்தார் என்பன இதில் இல்லை. இரண்டாவது, ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் உடையோர் பலர் உள்ளனர். முனிசாமி, இராமசாமி, பெருமாள், முனியம்மாள், இலட்சுமி போன்ற பெயர்கள் பட்டியலெங்கும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆதலின் பெயரிலிருந்து எண்ணுக்குச் செல்வது இடர்ப்பாடானது. எண்ணிலிருந்து பெயருக்குச் செல்வதே பாதுகாப்பான வழி. மூன்றாவது, குடும்ப உறவு முழுமையாகக் குறிக்கப்படவில்லை. அடுத்தடுத்த எண்களில் வரும் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக இருக்கலாம்; உடன்பிறந்தோராக இருக்கலாம்; முகாமில் சந்தித்தவராகவும் இருக்கலாம். எண்களின் அண்மை உறவுக்குச் சான்றாகாது. அது தேடலுக்கான குறிப்பு மட்டுமே.

சாதி நிரலையும் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். அந்நிரலில் சாதிப் பெயர்களோடு ‘கிறித்தவர்’, ‘முகமதியர்’ எனச் சமயப் பெயர்களும், ‘மலபார்’ போன்ற பொதுப்பெயர்களும் கலந்து காணப்படுகின்றன. எழுதிய அலுவலரின் வகைப்பாடே அங்கு மேலோங்கி நிற்கிறது.

4. இணைக்கும் கண்ணியாகத் திருமணப் பதிவு

இன்று வாழும் ஒருவர் தம் தந்தை, பாட்டன் ஆகியோரின் பிறப்பு, இறப்புச் சான்றுகளை எளிதில் பெறலாம். மறுமுனையில் கப்பல் பட்டியல் உள்ளது. இரண்டிற்கும் இடையே ஓரிரு தலைமுறைகள் அறியப்படாமல் நிற்கின்றன. அந்த இடைவெளியை நிரப்பும் ஆற்றல் திருமணப் பதிவிற்கே மிகுதி.

இதற்கான காரணம் பதிவின் அமைப்பிலேயே உள்ளது. ஒப்பந்த இந்தியரின் நலனுக்கென 1872இல் உருவாக்கப்பட்ட குடியேறிகள் பாதுகாவலர் பதவியின் கீழ்த் திருமணங்கள் பதியப்பட்டன. மணமக்கள் இருவரின் பெயரோடு அவர்தம் குடியேற்ற எண்களும் எழுதப்பட்டன. நேட்டாலிலேயே பிறந்தோர்க்குத் தனி எண் இல்லாமையால், அவர்களின் ஆவணங்களில் பெரும்பாலும் பெற்றோரின் எண்கள் சுட்டப்பட்டன. தந்தையின் எண்ணோடு தாயின் எண்ணும் கிடைக்குமிடத்து, பெண்வழிக் கொடியும் மீட்கப்படுகிறது. தந்தை பெயரை முன்னொட்டாகவோ குடும்பப் பெயராகவோ கொள்ளும் தமிழ் மரபில் தாய்வழி முன்னோர் இரண்டு தலைமுறைகளுக்குள் மறக்கப்படுவது இயல்பு. அம்மறதியை ஈடுசெய்யும் ஒரே எழுத்துச்சான்று பல குடும்பங்களுக்கு இத்திருமணப் பதிவே.

ஒப்பிட்டு நோக்கின், இதே காலத் தமிழகத்தில் இத்தகைய சான்று அரிது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் வந்த திருமணங்கள் தேவாலயப் பதிவேடுகளில் காணப்படுகின்றன. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் குடிமைப் பதிவுமுறை வேரூன்றியிருந்தது. இவை நீங்கலாக, இந்துத் திருமணங்கள் ஊரும் உறவும் கூடிய நிகழ்வாகவே நடைபெற்றன; ஏட்டில் ஏறவில்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவதைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009இல்தான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்காட்டிலோ தஞ்சையிலோ தங்கிவிட்ட தம்பியின் திருமணத்திற்கு எழுத்துச்சான்று இல்லை. நேட்டாலுக்குச் சென்ற அண்ணனின் திருமணத்திற்கு எண்ணுடன் கூடிய சான்று உண்டு. கண்காணிப்பிற்காக உருவான ஏடு பிற்காலத்தில் நினைவின் ஏடாகப் பயன்படுகிறது.

5. சட்டம் கண்ட திருமணமும் சமூகம் கண்ட திருமணமும்

திருமணப் பதிவு இத்துணைச் சிறப்புடையதாயினும், அது எல்லாத் திருமணங்களையும் உள்ளடக்கியதன்று. நேட்டாலின் 1891ஆம் ஆண்டு 25ஆம் சட்டம் ஒப்பந்தக் குடியேறிகளின் திருமணம் பதியப்பட வேண்டும் என்று விதித்தது. தாலி கட்டி, உறவினர் முன்னிலையில் நிகழ்ந்த மணம் பதிவின்றிச் சட்டத்தின் ஏற்பைப் பெறவில்லை. சமூகமோ சடங்கையே திருமணமாகக் கருதியது; பதிவை அரசு வேண்டும் ஒரு தாளாக மட்டும் கண்டது. தோட்டத்தில் ஆறு நாளும் உழைப்போர்க்கு நீதிமன்றத்திற்கோ பாதுகாவலர் அலுவலகத்திற்கோ செல்வது எளிதன்று. தோட்டத்தை விட்டு வெளியே செல்வதற்கே முதலாளியின் அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது.

இம்முரண்பாடு 1913இல் வெளிப்படையாயிற்று. இந்தியாவில் இசுலாமிய முறைப்படி மணந்த மனைவியைத் தென்னாப்பிரிக்காவிற்குள் அனுமதிக்க வேண்டும் என்று கோரிய வழக்கில், கேப் உச்சநீதிமன்ற நீதிபதி சேர்ல் 1913 மார்ச் 14ஆம் நாள் தீர்ப்பளித்தார். கிறித்தவ முறைப்படி நிகழாததும் பதியப்படாததுமான திருமணத்தை நாட்டின் சட்டம் ஏற்காது என்பது அத்தீர்ப்பின் சாரம். பல்லாண்டு இல்லறம் நடத்திய இந்து, இசுலாமிய, பார்சிப் பெண்கள் பலர் ஒரே நாளில் சட்டத்தின் முன் மனைவியர் அல்லாதவர் ஆயினர். அவர்தம் மக்களின் உரிமையும் ஐயத்திற்குள்ளாயிற்று.

அவ்வாண்டு நிகழ்ந்த சத்தியாக்கிரகத்தில் பெண்கள் பெருமளவில் பங்கேற்றமைக்கு இத்தீர்ப்பும் ஒரு காரணம். ஒப்பந்தம் முடிந்தோர் மீது 1895இல் விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரி மற்றொரு காரணம். சோகன்னசுபர்க்கிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தனர். சிறை சென்று நோயுற்று 1914 பிப்ரவரி 22ஆம் நாள் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரைத் தமிழகம் அறியும். போராட்டத்தின் விளைவாக இயற்றப்பட்ட 1914ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் முறையிலமைந்த இந்தியத் திருமணங்களை ஏற்றது. கணவனும் மனைவியும் கூடி விண்ணப்பித்தால், முன்னரே நிகழ்ந்த மணத்தைப் பதிந்துகொள்ளவும் அச்சட்டம் வழிசெய்தது.

இவ்வரலாறு கொடிவழி ஆய்வாளர்க்கு மூன்று முறையியல் நெறிகளைத் தருகிறது.

முதலாவது, பதிவு நாளை மணநாளாகக் கொள்ளுதல் கூடாது. 1914க்குப் பின் பதியப்பட்ட திருமணம் பல்லாண்டுகளுக்கு முன்னரே சடங்கு முறையில் நிகழ்ந்திருக்கலாம். மூத்த பிள்ளையின் பிறப்பு பதிவு நாளுக்கு முந்தியதாயின், அப்பிள்ளை முந்தைய உறவில் பிறந்தது என்று முடிவுசெய்வதற்கு முன் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ‘மணமாகாதவர்’ என்று அலுவலக ஆவணம் கூறுவது சட்டநிலையைக் குறிக்கிறதே அன்றி வாழ்க்கை நிலையைக் குறிக்கவில்லை. அதே பெண்ணின் இறப்பு அறிவிக்கையில் மக்கள் பெயரும், மகளின் திருமணப் பதிவில் தாய் தந்தை இருவரின் எண்களும் காணப்படின், குடும்பம் இருந்தது என்பது உறுதிப்படும்.

மூன்றாவது, பலதார மணத்தை 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்காமையால், இரண்டாம் மனைவியின் வழிவந்தோர் பதிவேட்டில் தந்தையோடு இணைக்கப்படாமல் நிற்கலாம். அத்தகைய இடங்களில் வாய்மொழி வரலாற்றையும் இறப்பு, சொத்து ஆவணங்களையும் சான்றாக ஏற்க வேண்டும்.

6. பெயர்களின் திரிபும் தமிழறிஞரின் பணியும்

மேற்கண்ட ஆவணங்கள் யாவும் தமிழர் கூறிய பெயரைத் தமிழறியா அலுவலர் உரோமன் எழுத்தில் எழுதியவை. ஆகவே, ஒவ்வொரு பெயரும் மீட்டுருவாக்கத்தை வேண்டி நிற்கிறது. தமிழ் ஒலியியலும் பெயராய்வும் நேரடியாகப் பயன்படும் களம் இது.

உரோமன் எழுத்துமுறை ல, ள, ழ ஆகியவற்றையும் ர, ற ஆகியவற்றையும் ந, ன, ண ஆகியவற்றையும் பெரும்பாலும் வேறுபடுத்துவதில்லை. குறில் நெடில் வேறுபாட்டையும் ஒழுங்காகக் காட்டுவதில்லை. இதனால் வெள்ளையன், வேலையன் ஆகிய இருவரும், கலியன், காளியன் ஆகிய இருவரும் ஆவணத்தில் ஒரே வடிவில் தோன்றலாம். சகரம் சில இடங்களில் ‘ச்ச’ ஒலிக்குரிய எழுத்தாலும் சில இடங்களில் ‘ஸ’ ஒலிக்குரிய எழுத்தாலும் எழுதப்பட்டமையால், சின்னத்தம்பி இரு வேறு அகரவரிசை இடங்களில் காணப்படுவார். இறுதி ‘அன்’ பெரும்பாலும் ‘என்’ என எழுதப்பட்டது. மாரியப்பன் ‘மாரியப்பென்’ ஆனார். முனிசாமி ‘மூன்சாமி’ என்றும் ‘மன்சாமி’ என்றும் ஒலிக்கும் வடிவங்களைப் பெற்றார். ஒரு வடிவத்தை மட்டும் கொண்டு தேடி, கிடைக்கவில்லை என்று முடிப்பது ஆய்வாகாது. தமிழில் நிகழக்கூடிய எல்லா மூலவடிவங்களையும் வகுத்துக்கொண்டு தேட வேண்டும்.

பெண் பெயர்களில் மற்றொரு சிக்கல் உண்டு. தாயி, பாப்பா, அம்மாயி, சின்னம்மா என்பன இயற்பெயராகவும் வழங்கும், விளிச்சொல்லாகவும் வழங்கும். பிள்ளைகள் தாயின் இயற்பெயரைச் சொல்லத் தயங்கி விளிச்சொல்லைக் கூறியிருக்கலாம். ஆகவே, இறப்பு ஆவணத்தில் ‘தாயி’ என்றும் திருமணப் பதிவில் வேறு பெயராகவும் உள்ள இருவர் ஒருவரே ஆதல் கூடும். குடியேற்ற எண் பொருந்துமாயின் ஐயம் நீங்கும்.

குடும்பப் பெயர் என்பது இம்மக்களின் வழக்கில் இல்லாதது. குடியேற்ற நாட்டின் ஆட்சிமுறை வேண்டியதால் உருவானது. சில குடும்பங்களில் தந்தையின் இயற்பெயர் நிலைத்துக் குடும்பப் பெயராயிற்று. பெருமாள், முருகன், மூன்சாமி என்பன அவ்வாறு வந்தவை. வேறு சில குடும்பங்களில் பட்டப்பெயர் நிலைத்தது. முதலி ‘மூட்லி’ ஆகவும், கவுண்டர் ‘கவெண்டர்’ ஆகவும் திரிந்தன. நாயுடு, பிள்ளை, செட்டி, படையாச்சி, ரெட்டி என்பன சிறு திரிபுகளுடன் வழங்குகின்றன. உடன்பிறந்த இருவர் வெவ்வேறு குடும்பப் பெயர் கொண்டிருப்பதும் உண்டு. பட்டப்பெயர் குடியேறிய பின் ஏற்கப்பட்டதாகவும் இருக்கலாம். ஆகவே, இன்றைய குடும்பப் பெயரைக் கொண்டு கப்பல் பட்டியலின் சாதி நிரலில் தேடுவது தவறான மனிதரிடம் கொண்டு சேர்க்கும்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் இங்குக் கருதத்தக்கது. ‘பேரன்’ என்னும் சொல்லே ‘பெயரன்’ என்பதன் திரிபு. ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் மீண்டும் வருவது ஆய்வாளர்க்குத் துணைசெய்யும் சான்று. அதே வேளையில், பாட்டனையும் பேரனையும் ஒருவராக மயங்கச் செய்யும் இடரும் ஆகும். பிறந்த பிள்ளைகள் தொடர்ந்து இறந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் குப்பன், குப்பம்மாள் எனப் பெயரிடும் வழக்கமும் அவ்வாறே. அப்பெயர், ஆவணத்தில் ஏறாத முன்னைக் குழந்தைகளின் இறப்பைச் சுட்டும் குறிப்பாக அமையலாம்.

7. ஊரைக் கண்டறிதல்

கப்பல் பட்டியலின் மாவட்டப் பெயர்களை இன்றைய எல்லைகளோடு பொருத்திப் படிக்க வேண்டும். ‘வட ஆற்காடு’ என்று எழுதப்பட்டிருப்பின், அவ்வூர் இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இருக்கலாம். ஆந்திரப் பிரதேசத்திலும் இருக்கலாம். சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாகும் வரை அதன் பகுதிகள் வட ஆற்காட்டில் இருந்தன. ‘தென் ஆற்காடு’ கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களாகப் பிரிந்தது. பழைய சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி, நாமக்கல், கிருட்டினகிரி மாவட்டங்கள் தோன்றின. இப்பிரிவுகளை அறியாதார் சரியான ஊரைத் தவறான மாவட்டத்தில் தேடிச் சலிப்புறுவர்.

ஊர்ப்பெயரின் பின்னொட்டுகள் வழிகாட்டும். பாக்கம், பட்டு, பேட்டை, குப்பம், நல்லூர், மங்கலம், பாளையம் என்னும் ஈறுகள் ஆவணத்தில் குறைந்தும் சிதைந்தும் காணப்படினும், அவற்றின் பரவலை அறிந்தோர் முழு வடிவத்தை மீட்க இயலும். பட்டு, பாக்கம் ஆகியவை தொண்டைமண்டலப் பகுதியில் மிகுதி. பாளையம் கொங்கு நாட்டில் மிகுதி. புதூர், குப்பம் போன்ற பொதுப்பெயர்களுக்கு வட்டத்தின் பெயரே துணை. வட்டத்தின் பெயரும் கிடைக்காதவிடத்து, ஒரே கப்பலில் அடுத்தடுத்த எண்களில் வந்தோரின் ஊர்களை ஒப்பிடுதல் பயன்தரும். ஒரே ஆள்சேர்ப்போர் ஒரு பகுதியிலிருந்து பலரைத் திரட்டியிருத்தல் இயல்பு.

8. ஆவணங்களை இணைக்கும் வரிசை

மேற்கண்டவற்றின் அடிப்படையில் ஆய்வு வரிசையைப் பின்வருமாறு அமைக்கலாம். அறிந்ததிலிருந்து அறியாததற்குப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். முதலில் வீட்டிலுள்ள சான்றுகளையும் முதியோரின் நினைவுகளையும் தொகுக்க வேண்டும். குலதெய்வத்தின் பெயர், தோட்டத்தின் பெயர், பேசிய மொழி ஆகியவை இக்கட்டத்தில் பதியத்தக்கவை. அடுத்து, இறப்பு அறிவிக்கைகளைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்கச் சொத்துரிமை நடைமுறையில் அமைந்த இவ்வறிக்கைகள் இறந்தவரின் பெற்றோர், வாழ்க்கைத் துணை, மக்கள் ஆகியோரின் பெயர்களைத் தருகின்றன. அதன்பின், அப்பெயர்களைக் கொண்டு திருமணப் பதிவை நாட வேண்டும். அங்குக் கிடைக்கும் குடியேற்ற எண்களைக் கொண்டே கப்பல் பட்டியலுக்குச் செல்ல வேண்டும். இறுதியாகக் கணக்கெடுப்பு அறிக்கைகளையும் நிலப்படங்களையும் கொண்டு ஊரின் பின்புலத்தை அறிய வேண்டும்.

வயதைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. கப்பல் பட்டியலின் வயது பெரும்பாலும் மதிப்பீடே. மூன்று பவுன் வரி 1903இல் பதினாறு வயது கடந்த ஆண்மக்களுக்கும் பதின்மூன்று வயது கடந்த பெண்மக்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. வயதைக் குறைத்துக் கூறுவதற்கு அது தூண்டுதலாக இருந்திருக்கலாம். சில ஆண்டு வேறுபாட்டைக் கொண்டு ஒரு பொருத்தத்தைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. எண், தந்தை பெயர், ஊர், உடலடையாளம் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டேனும் ஒத்துவரும்போதே அடையாளத்தை உறுதி எனக் கொள்ளுதல் தகும்.

9. முடிவுரை

நேட்டால் தமிழரின் முன்னோர் ஆய்வில் கணக்கெடுப்பு சூழலையும், கப்பல் பட்டியல் தனிமனிதரையும், திருமணப் பதிவு உறவையும் தருகின்றன. மூன்றையும் ஒருங்கே வைத்துப் படிக்கும்போதே கொடிவழி உருப்பெறுகிறது. இவற்றுள் உறவைக் காட்டும் திருமணப் பதிவே தலைமுறைகளை இணைக்கிறது. பெண்வழியை மீட்டுத் தருகிறது. அதே பதிவேட்டில் இடம்பெறாத திருமணங்கள் பல என்பதை 1891, 1913, 1914 ஆகிய ஆண்டுகளின் சட்ட வரலாறு உணர்த்துகிறது. பதிவேட்டில் பெயரில்லாத பாட்டியின் கழுத்தில் தாலி இல்லை என்று கூற ஆவணத்திற்கு உரிமையில்லை.

இவ்வாய்வில் தமிழ்த்துறைகளுக்குத் தனிப்பங்கு உண்டு. உரோமன் எழுத்தில் சிதைந்த ஆட்பெயர், ஊர்ப்பெயர் வடிவங்களைத் தொகுத்து, அவற்றின் தமிழ் மூலங்களோடு ஒப்பிட்டு ஒரு பெயரடைவு உருவாக்கப்படுமாயின், அது தென்னாப்பிரிக்கத் தமிழர்க்கு மட்டுமன்றி, மொரீசியசு, பிசி, ரீயூனியன், கரீபியத் தீவுகள் ஆகிய இடங்களில் வாழும் தமிழ் வழித்தோன்றல்களுக்கும் பயன்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழின் ஒலிப்பை அறிவதற்கும் அவ்வடைவு புதிய சான்றாகும். எழுத்தறியாத உழவரும் தொழிலாளரும் தம் வாயால் கூறிய பெயர்கள் இத்துணைப் பெரிய அளவில் எழுத்தில் ஏறியிருக்கும் வேறு தொகுதி தமிழுக்கு அரிது.